வாயில் வளைவில் ஒரு வெள்ளைப் புள்ளி

ரஜப் 9, செவ்வாய்

புதுப் பள்ளிவாசலின் வாயில் வளைவில், வண்ண ஓட்டுத் துண்டுகள் பதித்த கடைசிப் பலகையும் ஏறிவிட்டது. சாரத்தையும் பிரித்துவிட்டார்கள். தப்ரீஸ் நகரத்திலேயே இப்படியொரு நீலம் இல்லை என்கிறார் மேற்பார்வை பார்க்கும் அல்தூன் பேக். இடுப்பு விட்டுப்போகிறது. "ஓடு வெட்டுறவருக்கு இடுப்பு எதுக்கு, கழட்டி வச்சுட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி குலாந்தாம் ஒத்தடம் கொடுத்தாள்.

ரஜப் 10

யா அல்லாஹ்.

எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தேன். 'சுல்தானின் நிழல் மக்களுக்கு ரஹ்மத்' என்று இருக்க வேண்டும். அருள். அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்கு மேல் ஒரு வெள்ளைப் புள்ளி! பார்சி எழுத்தில் அங்கே புள்ளி வந்தால் அது ரஹ்மத் இல்லை, ஸஹ்மத். தொல்லை. சுல்தானின் நிழல் மக்களுக்குத் தொல்லை என்று ஊரே பார்க்க எழுதி வைத்திருக்கிறேன்.

எழுத்தெல்லாம் வெள்ளை. அந்த முதல் எழுத்துக்கு மேலே அலங்காரமாக ஒரு பூ. அதன் நடுவில் நீலப் பொட்டு வர வேண்டும். ஓடுகளைக் குப்புற அடுக்கித்தானே பின்னால் சாந்து ஊற்றுகிறோம் — கவிழ்த்துவிட்டால் வெள்ளையும் மண் நிறம், நீலமும் மண் நிறம். நீலத்துக்குப் பதில் வெள்ளைப் பொட்டு போய்விட்டது. என் கைதான். வேறு யார் கை?

வெள்ளிக்கிழமை சுல்தான் வருகிறார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கூட வருகிறவர்களுக்குத் தெரியுமே.

வாசகம் எழுதிக் கொடுத்த நிஃமத்துல்லாவிடம் ஓடினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் எழுதின தாள்ல புள்ளி இல்ல. கேட்டா எடுத்துக் காட்டிடுவேன், கோவிச்சுக்காதீங்க" என்றார். எப்படிக் கோபிப்பது? அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

ரஜப் 11

அல்தூன் பேக்கிடம் சாரம் கேட்டேன்.

"எதுக்கு?"

"ஒரு பூவுல சின்னக் கீறல், எசமான்."

"விடிஞ்சா சுல்தான் வாராரு, இப்ப சாரம் கட்டச் சொல்றியா? போய்யா!"

சொல்லிவிட்டு மேலே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தாடியைப் பிடித்தபடி போய்விட்டார். போன வருடம் குளத்துக்கு மட்டம் தப்பாகப் பார்த்தவன் இன்னும் கோட்டைச் சிறையில்தான் கிடக்கிறான். அது வெறும் தண்ணீர். இது?



ரஜப் 12, காலை

ஓடிவிடலாமா? எங்கே?

ரஜப் 12, தொழுகைக்குப் பின்

சுல்தான் வளைவின் கீழே குதிரையை நிறுத்தினார். "என்ன எழுதியிருக்கு? வாசிங்க" என்றார்.

காஜி பார்த்தார். அமைச்சர் பார்த்தார். எல்லோருக்கும் கண் நன்றாகவே தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு உயிர் போய் வந்தது.

"ரஹ்மத், மன்னா" என்றார் அல்தூன் பேக்.

"ரஹ்மத், ரஹ்மத்" என்றார்கள் எல்லோரும் அவசர அவசரமாக. மற்றதை எவன் சொல்லுவான், அதுவும் அவர் முகத்துக்கு நேரே? சுல்தான் சிரித்தபடி உள்ளே போனார்.

ரஜப் 15

குலாந்தாம் எழுத்துக் கூட்டிப் படிப்பவள். "ஏங்க, அந்த வளைவுல..." என்று ஆரம்பித்தாள். வாயைப் பொத்திவிட்டேன்.

ரஜப் 20

அல்தூன் பேக் ஆள் அனுப்பினார். என் கதை முடிந்தது என்றுதான் போனேன். சுல்தானுக்குப் பிடித்துவிட்டதாம்! எதிரே கட்டும் அவர் தாயாரின் சமாதி வாசலுக்கும் அதே வாசகம், அச்சு அசலாக அதே மாதிரி.

"அந்தப் பூ, எசமான்..."

"எந்தப் பூ?" குரலைத் தாழ்த்தினார். "ரெண்டும் எதிரெதிர் வாசல்யா. எழுத்து தெரியாதவருக்கு வித்தியாசம் நல்லாவே தெரியும். இதுல இருக்கு, அதுல ஏன் இல்லன்னு கேப்பாரு. நீ பதில் சொல்றியா?"

அளவெடுக்க நூலை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஷஃபான் 2

இன்று வெள்ளைப் பொட்டு ஒன்று வெட்டினேன். அடுக்கும்போது மாறிவிடக் கூடாதே என்று பின்பக்கம் கரியால் அடையாளம் வைத்தேன்.