மாப்பிள்ளைக்குக் கொடுத்த அவுட்

மே 17, சனி இரவு.

படுத்தும் தூக்கம் வரவில்லை.

இன்று வாராந்தர பேஸ்பால் ஆட்டத்தில் நான் அம்பயர். கடைசி இன்னிங்ஸ். பேட்டர் அடித்துத் தரையோடு உருண்டு வந்த பந்தை ஃபீல்டர் குனிந்து எடுக்கும்போது, அடுத்த பேஸுக்கு ஓடி வந்த என் மாப்பிள்ளை இர்ஃபான் அவர்மேல் இடித்துவிட்டார். பந்து நழுவியது. மாப்பிள்ளை ஓடிப்போய் வெற்றி ஓட்டத்தையும் எடுத்துவிட்டார். நான் அவுட் கொடுத்தேன். அவர் அணி தோற்றது.

"மாமா, நான் வேணும்னு இடிக்கலயே."

"ஃபீல்டர் எறிஞ்ச பந்துன்னா, வேணும்னு இடிச்சீங்களான்னு பாக்கலாம். இது அடிச்ச பந்து மாப்பிள்ளை. தெரியாம இடிச்சாலும் அவுட்தான்."

"அங்கிள் யூடியூப் பாத்து அம்பயர் ஆனவர்ப்பா," என்று அவர் அணியில் ஒருவன் சிரித்தான். யூடியூப் இல்லை. விதிப்புத்தகத்தை நானே மூன்று முறை படித்தேன். லீக் நடத்தும் ஜோசப், ஃபைனலுக்கு வேறு அம்பயரைப் போடுவதாகச் சொல்லிவிட்டார்.

மாலையில் அவரே போன் செய்தார். "ரூல் செக் பண்ணேன் அங்கிள். நீங்க சொன்னதுதான் கரெக்ட். ஃபைனலுக்கு நீங்களே வாங்க."

"இதை எல்லார் முன்னாலயும் சொல்லுங்க, வரேன்," என்றேன். ஒப்புக்கொண்டார்.

இடிக்காவிட்டால் அந்த ஃபீல்டர் பந்தை எடுத்திருப்பாரா? அதை மட்டும் புத்தகம் சொல்லாது, அம்பயர்தான் சொல்ல வேண்டும். எடுத்திருப்பார்.

மாப்பிள்ளை இரவு சாப்பிட வரவில்லை. "அத்தா, ஒரு வார்த்தை சாரி சொல்லுங்களேன்," என்கிறாள் மகள். நாளை மௌரி அவென்யூவில் இருக்கும் கறிக்கடைக்குப் போய் அவருக்குப் பிடித்த ஆட்டுக்கால் வாங்கி வருவேன். சாரி சொல்ல மாட்டேன்.