விழக் கற்றுக்கொள்ள நீ கேட்டாய்

என் செல்லப் பாபுவுக்கு,

தமிழில் எழுதுகிறேன், பார்த்தாயா? உன்னைத் திட்டும்போதெல்லாம் எனக்கு ஆங்கிலம்தான் வரும். "அக்கா கான்வென்ட்டுக்குப் போயாச்சு, எல்லாரும் காதைப் பொத்திக்குங்க" என்பாய். இன்று உன்னைத் திட்ட ஒன்றுமில்லை. அம்மா நம்மிடம் பேசிய மொழியே போதும்.

நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. பக்கச் சக்கரம் வைத்த உன் ஸ்கூட்டர் மாடிப்படிக்குக் கீழேயே நிற்கிறது. யாராவது விலைக்குக் கேட்டால் ரிப்பேர் என்று பொய் சொல்லி அனுப்பிவிடுகிறேன். நீ காலில் மாட்டிக்கொள்ளும் காலிப்பரின் தோல் வாரை அவ்வப்போது எண்ணெய் தொட்டுத் துடைத்து வைக்கிறேன். யாருக்காக என்று கேட்காதே. மாடம்பாக்கம் ரோட்டை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பள்ளத்தில் வண்டியை எப்படி இறக்குவாயோ என்று ஜன்னலில் நின்று இன்னமும் கவலைப்படுகிறேன்.

இதை எழுதி உன் படத்துக்குக் கீழே வைத்திருக்கலாம். நம் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலரில் அச்சிடக் கொடுத்திருக்கிறேன். உனக்கு நான் செய்ததை நாலு பேர் எதிரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டவள் நான். அதைத் திருத்திச் சொல்வதும் அந்த நாலு பேர் எதிரில்தான் நடக்கவேண்டும். சங்கத் தலைவி என்ற முறையில், நோட்டீஸில் ஒரு ஒற்று விட்டுப்போனால்கூடத் திருப்பி அனுப்புகிறவள், என்னுடையதை மட்டும் எப்படி விட்டுவைப்பது?

உன் ஆசையை நீ சொன்ன காலை உனக்கு நினைவிருக்கும். சங்கத்துக் கூடத்தில் தேவா மாஸ்டர் ஜூடோ வகுப்பு ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. திருமுடிவாக்கத்தில் வேலை முடிந்து வரும்போது, வண்டியை விட்டு இறங்காமலே கூடத்து வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவாய். பிள்ளைகள் விளையாடுவதை வேடிக்கை பார்க்கிறாய் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, நான் அந்த க்ளாஸ்ல சேரலாம்னு இருக்கேன்."

"எந்த க்ளாஸ்?"

"ஜூடோ."

நான் சிரித்தேன். "ஐம்பது தாண்டியாச்சு பாபு. இந்தக் காலை வெச்சுக்கிட்டு யாரைத் தூக்கிப் போடப் போறே?"

"யாரையும் போட வேணாம். அங்க முதல்ல விழத்தான் சொல்லித் தராங்க. கீழ விழுந்தா தலை படாம, கை உடையாம எப்படி விழறதுன்னு. ரெண்டு வயசுல போலியோ வந்ததுலேர்ந்து நான் விழுந்துட்டேதான் இருக்கேன். ஒருத்தராவது எப்படி விழணும்னு சொல்லித் தந்திருக்காங்களா? எல்லாரும் விழாதே, விழாதேன்னுதான் சொன்னாங்க."

எல்லாரும் என்று நீ சொன்னாலும் அது நான்தான். ரயில்வே குடியிருப்பின் நீண்ட தாழ்வாரத்தில் உன்னைக் காலிப்பரோடு நடக்கப் பழக்கியவள் நான். அந்த வார்த்தையைத் தவிர வேறெதுவும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்கவில்லை.

நீ என்னிடம் அனுமதி கேட்கவில்லை, சொன்னாய், அவ்வளவுதான். மாஸ்டர் டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொன்னார். டாக்டரும் பார்த்துச் செய்யலாம் என்றுவிட்டார். அடுத்த சனிக்கிழமை நீ சேரவேண்டும். அன்றைக்கு உனக்கு முன்னால் நான் போனேன்.

பிள்ளைகள் இன்னும் வரவில்லை. மாஸ்டர் தரையில் மெத்தைகளை விரித்துக்கொண்டிருந்தார். "என் தம்பிக்கு ஒரு எலும்பு முறிஞ்சாலும் போலீஸுக்குப் போவேன்" என்றேன். "அப்புறம் இந்தக் கூடமும் உங்களுக்குக் கிடையாது." அவர் டாக்டர் சொன்னதை எடுத்துச் சொல்ல வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "முடியாதுன்னு நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்க. நான் வந்தது அவனுக்குத் தெரியக் கூடாது."

பயந்துதான் செய்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம் பாதி. மீதி என்ன தெரியுமா? அந்தக் கூடத்துக்கு ஜன்னல்கள் உண்டு. தெருவே அந்த வழியாகத்தான் கோயிலுக்குப் போகும். காலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளை உடுப்பில், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே நீ உருள்வதை எல்லோரும் பார்ப்பார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் உன்னை வெளியே அனுப்பிப் பழகியவள் நான். என் தம்பியைப் பார்த்து யாரும் உச்சுக்கொட்டக் கூடாது. அதுதான் காரணம். கால் உன்னுடையது, கௌரவம் என்னுடையது.

அன்று சாயங்காலம் நீ சீக்கிரமே திரும்பி வந்தாய். "சேத்துக்க மாட்டாங்களாம் அக்கா" என்றாய்.

"நான்தான் சொன்னேனே."

இதைச் சொல்லிவிட்டு உன் தட்டில் இன்னொரு தோசை போட்டேன். சட்னி நன்றாக இருக்கிறது என்றாய்.

அடுத்த வருஷ மழையில், நீ வேலை செய்த இடத்தின் வாசல் சரிவில் வழுக்கி விழுந்தாய். இடுப்பும் மணிக்கட்டும் முறிந்தன. கையை ஊன்றித் தாங்கப் பார்த்திருக்கிறார் என்றார் எலும்பு டாக்டர். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. பிறகு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, நீ திரும்பி வரவேயில்லை.

வகுப்பில் சேர்ந்திருந்தால் அன்று நீ வேறு மாதிரி விழுந்திருப்பாயா? அந்தக் காலுக்கு எதுவும் உதவியிருக்காதா? யாராலும் சொல்ல முடியாது. தெரியாது என்பதால் எனக்கு விடுதலை கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். கிடைக்கவில்லை.

இதற்கு மேல் ஒன்று செய்தேன், பாபு. உன் காரியங்கள் முடிந்த பிறகு நடந்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். "என் தம்பி அந்த வகுப்பில் சேர ஆசைப்பட்டான். நான்தான் தடுத்தேன். சாதாரணத் தரையில் விழுந்தவனுக்கே இந்தக் கதி என்றால், அங்கே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்" என்றேன். நீ விழுந்ததையே உனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தேன். உடல் குறை உள்ளவர்களை வகுப்பில் சேர்ப்பதில்லை என்று அன்றே தீர்மானம் போட்டார்கள். அந்த வாக்கியத்தைத் திருத்தி அழகாக்கிக் கொடுத்ததும் நான்தான். அதை எழுதிய பலகை சமீபம் வரை கூடத்து வாசலில் மாட்டியிருந்தது.

இனி நடந்த சங்கதிக்கு வருகிறேன். போன மாதக் கூட்டத்துக்குக் கேம்ப் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கும் ஜரீனா வந்தாள், மகள் நிஷாவோடு. நிஷா ஒன்பதாவது படிக்கிறாள். பிறவியிலேயே இடது கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடுகிறது. ஜூடோவில் சேரவேண்டும் என்று கேட்டார்கள்.

பொருளாளர் ரங்கநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க பாரும்மா, மேடம் சொந்தத் தம்பியையே தடுத்தவங்க. அந்த மனசு யாருக்கு வரும்? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"சார், என் பொண்ணு இந்தக் கையோட சைக்கிள் ஓட்டுது. கேலி பண்ற பசங்களுக்குத் திருப்பிக் குடுக்குது. உங்க மெத்தையில விழுந்தா மட்டும் உடைஞ்சிடுமா?"

"அதுக்கில்லம்மா, ஏதாவது ஆச்சுன்னா..."

"ஏதாவது, ஏதாவதுன்னா இன்னா சார் அது? பேரைச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதாவது வாய் திறந்தேனா? அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

படியில் நிஷா என்னைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், சைடு வீல் வண்டியில வந்து வாசல்ல நின்னு பாப்பாரே, அந்த அங்கிளா உங்க தம்பி?"

"ஆமாம். உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அங்கதான் நின்னு பாப்பேன். அப்போ எனக்கு ஜன்னல் எட்டாது. வண்டி மேல ஏறி நின்னுக்கச் சொல்வாரு." ஒரு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள். "நீங்க தடுத்தீங்கன்னு சார் சொன்னாரே. அங்கிள் சரின்னாரா?"

உன்னை வேண்டாம் என்று சொல்ல நான் இருந்தேன், மாஸ்டர் இருந்தார், பிறகு ஒரு சங்கமே இருந்தது. உன்னைக் கேட்கவேண்டும் என்று இந்தப் பெண்ணைத் தவிர ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் தேவா மாஸ்டரைப் பார்க்கப் போனேன். அன்று நான் செய்தது தப்பு என்றேன். உட்கார நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை.

"ஒண்ணு சொல்லிடட்டா மேடம்? இத்தினி நாளா மனசுல வெச்சுகினு கீறேன். அன்னிக்கு அவருகிட்ட, உங்களால முடியாது சார்னுதான் சொன்னேன், நீங்க சொன்ன மாதிரியே. அவரு என் மூஞ்சியே பாத்துகினு இருந்தாரு. அப்பால, 'எங்க அக்கா வந்துட்டுப் போனாங்களா'ன்னாரு. எனக்குப் பொய் வரல மேடம். சும்மா நின்னேன். சிரிச்சுட்டாரு. 'சரி மாஸ்டர், எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிய வேணாம், சங்கடப்படுவாங்க'ன்னு சொல்லிட்டு, வண்டியைத் திருப்பிகினு பூட்டாரு."

பாபு, உனக்குத் தெரியும். நான்தான் சொன்னேனே என்று நான் சொன்னபோது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சட்னியைப் புகழ்ந்தாய். தெரிந்துகொண்டே அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் என் கையால் சாப்பிட்டாய். ஆஸ்பத்திரியில், "நீ வீட்டுக்குப் போய்ப் படு அக்கா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னபோதும் உனக்குத் தெரியும். ஏன்டா என்னோடு சண்டை போடவில்லை? என்னை மன்னித்துவிட்டாயா, அல்லது என்னிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று விட்டுவிட்டாயா? எது என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டரை மிரட்டியது, உன்னிடம் மறைத்தது, உன் சாவை வாதமாக்கியது, ஒன்றையும் விடவில்லை. ரங்கநாதன் பேனாவை மூடிவிட்டார். "இதெல்லாம் மினிட்ஸ்ல வேணாமே மேடம், குடும்ப விஷயம்."

"ரூல் போடும்போது குடும்ப விஷயமா தெரியலையா? எழுதுங்க."

எழுதினார். எல்லோருக்கும் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். இப்படிப்பட்டவர்களைச் சேர்த்தால் மற்றப் பிள்ளைகளின் பயிற்சி கெடும் என்று ஒருவர் வெளிநடப்பே செய்தார். மாஸ்டரும் கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் சேர்க்க மாட்டேன் என்றுதான் சொல்கிறார். டாக்டரைக் கேட்கவேண்டும், ஒவ்வொருவரின் உடம்புக்கும் பிடியை மாற்றி யோசிக்கவேண்டும், அது அவருக்குக் கூடுதல் வேலை, தெரியாத இடத்தில் தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டும். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. சேர்க்க முடியாதவர்களும் இருக்கலாம். ஆனால் வந்து கேட்கிறவரை உள்ளே உட்காரவைத்து, அவரோடு பேசித்தான் அதை முடிவு செய்யவேண்டும். வாசலில் ஒரு பலகையை மாட்டிவிட்டு அல்ல. அவருடைய அக்காவிடம் கேட்டு நிச்சயமாக அல்ல. பலகையை மாஸ்டர் கழற்றிவிட்டார். சுவரில் அதன் தடம் இன்னும் இருக்கிறது.

நிஷா சேர்ந்துவிட்டாள். விழும்போது இரண்டு கையாலும் மெத்தையை ஓங்கி அறையவேண்டுமாம், அடி உடம்புக்குள் போகாமலிருக்க. "எனக்கு ஒண்ணரை சத்தம்தான் வரும் மாஸ்டர், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றாள். அவரும் சிரித்துவிட்டார்.

எனக்கும் விழச் சொல்லித்தாருங்கள் என்று கேட்டேன். மாஸ்டர் பதறிப்போனார். "வேணாம் மேடம், உங்க வயசுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க பையன் துபாய்லேர்ந்து வந்து என்னைக் கேப்பாரு." எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? என் உடம்பைப் பற்றி என் மகனிடம் ஏன் கேட்கவேண்டும்? வீடு வரைக்கும் அந்தக் கோபத்தோடுதான் நடந்தேன். வாசல் கதவைத் திறக்கும்போதுதான், வண்டியைத் திருப்பிக்கொண்டு இதே வழியில் நீ வந்த சாயங்காலம் ஞாபகம் வந்தது. நீ என்மேல் கோபம்கூடப் படவில்லை.

டாக்டரைக் கேட்டேன். நின்றபடி விழக் கூடாது; படுத்தபடியும் உட்கார்ந்தபடியும் பழகலாம் என்றார். போன சனிக்கிழமை, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மெத்தையில் படுத்தேன். ஜன்னல்கள் திறந்திருந்தன. கோயிலுக்குப் போகிற தெரு நின்று பார்த்தது. பார்க்கட்டும்.

நிஷா பக்கத்தில் படுத்து எனக்குக் காட்டினாள். "தலையைத் தூக்குங்க மேடம். முகவாய் நெஞ்சுல ஒட்டணும். நாங்க பெல்ட் முடிச்சைப் பாப்போம், நீங்க கொசுவத்தைப் பாருங்க. இப்போ அடிங்க."

அடித்தேன். உள்ளங்கை எரிந்தது. தலை தரையில் படவில்லை. இவ்வளவுதானா பாபு, நீ ஆசைப்பட்டது?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும், நீ வண்டியை நிறுத்துகிற அந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். யாராவது வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தால், வரீங்களா என்று கேட்பேன். கேட்டுவிட்டு, அவர்கள் பதில் சொல்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன்.

கேட்காமல் விட்டவள், இப்போது விழப் பழகுகிறவள்,
உன் அக்கா
விமலா