எம்.பி. அலுவலகத்தில் வெந்நீர்ப் பை

லண்டன், டிசம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம். பஸ் ஓட்டும் வேலையில் குறையொன்றுமில்லை.

முதியோருக்கான குளிர்கால உதவித்தொகையை உங்களுக்கு நிறுத்திவிட்டார்கள் அல்லவா? அதைக் கேட்கச் சனிக்கிழமை இங்குள்ள எம்.பி.யைப் பார்க்கப் போனேன். கோட்டு, கம்பளித் தொப்பி, கையுறை எதையும் கழற்றாமல், மடியில் வெந்நீர்ப் பையோடு உட்கார்ந்தேன்.

"உடம்பு சரியில்லையாம்மா?" என்றார்.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். வடக்கே சண்டர்லாந்து ஊர்ல எங்கப்பா வீட்டுக்குள்ள இப்படித்தான் உட்கார்ந்திருக்காரு."

"பட்ஜெட்ல துண்டு விழுதும்மா. என்ன பண்றது?"

"அதுக்கு அவரு போர்வையிலயா கை வைக்கிறது? அடுத்த சனிக்கிழமையும் வருவேன். டீ போட்டு வைங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒழுங்கான பதில் வரும்வரை போய் உட்காருவேன்.

அடுத்த முறை அங்கே கட்டிக்கொண்டு போக, உங்கள் கிழிந்த மஃப்ளரை எனக்கு அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

பஸ் எடுக்க நேரமாகிவிட்டது. நேற்று வீடியோவில், "ஹீட்டர் ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றீர்கள். அதைச் சொல்லும்போதே உங்கள் வாயிலிருந்து புகைபோல மூச்சு வந்தது, அப்பா.

உங்கள் மகள்,
டெனீஸ்