மூலை கிழிந்த பக்கங்கள்

ஜனவரி 23

புத்தூர் மருந்துக்கடையில் கொடுத்த டைரி. இந்த வருஷமும் தெலுங்கு அச்சுதான், ஆந்திராவில் வேறெது கிடைக்கும். தேதியை வருஷத்தோடு பக்கத்தின் கீழ் மூலையில் போட்டிருக்கிறான். அந்த மூலையைத்தான் நான் கிழிப்பேன். அதனால் மேலே கையால் ஒரு தேதி.

இன்று ஷெட்டில் பதினாலு அங்குல முடி மட்டும் அறுபது கட்டு கட்டினேன். எல்லாம் வீட்டு முடி. சீப்பில் உதிர்வதைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைப்பார்களே, அது. பக்கிரிசாமி அண்ணன் மொபெட்டில் ஊர் ஊராகப் போய், பிளாஸ்டிக் குடமும் ஹேர்பின்னும் கொடுத்து வாங்கி வருவார். நாங்கள் இருபத்திரண்டு பெண்கள் உட்கார்ந்து சிக்கெடுத்து, நீளம் பார்த்து, நூல் சுற்றிக் கட்டுவோம். அப்புறம் மூட்டை. மூட்டைக்கு அப்புறம் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

தெரியாததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. கார்வேட்டிநகரத்துக் கிழவி முடியும் நாராயணவனத்துக் காலேஜ் பெண் முடியும் ஒரே கட்டில் படுத்துக்கொண்டு கடல் தாண்டும். எங்கேயோ ஒருத்தி அதைத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்பாள். இப்படித் திரும்பிப் பார்ப்பாள், அப்படித் திரும்பிப் பார்ப்பாள். அவள் முகம் மட்டும் எனக்கு வரமாட்டேன் என்கிறது.

மூலையில் எழுதிக் கட்டுக்குள் வைத்தது: உன் ஊரில் மழை உண்டா?

ஜனவரி 24

செங்கம்மா பார்த்துவிட்டாள். பக்கிரிசாமி அண்ணனின் சம்சாரம், ஷெட்டில் எனக்குப் பக்கத்து இடம்.

"இன்னாடி பிரேமா, முடிக்குள்ள சீட்டு எழுதி வெச்சிக்கினு கீற? வாங்கறவ செய்வினைன்னு அலறிக்கினு ஓடப் போறா!"

இரண்டு பேரும் சிரித்ததில் எதிரே பிரித்துவைத்த முடியெல்லாம் பறந்தது. திட்டினாள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 11

மூலை: உனக்கு எத்தனை பிள்ளை?

மார்ச் 2

கனவு. மலைக்குப் பின்னால் மலை. ஒற்றையடிப் பாதையில் எங்கள் மூட்டைகள் தாமாகவே போகின்றன, ஒன்றன்பின் ஒன்றாக. கால் கிடையாது, ஆனாலும் நடக்கின்றன. ஒரு வளைவில் எவனோ கை நீட்டி நிறுத்துகிறான். மூட்டைகள் அவன் கையில் எதையோ வைத்துவிட்டு மறுபடி நடக்கின்றன. எல்லாம் அவ்வளவு மெதுவாக, பனிக்குள்.

காலையில் இவரிடம் சொன்னேன். தடா பக்கம் கம்பெனி வேலை, ஏழு மணிக்கு பஸ். பல் தேய்த்துக்கொண்டே, "நீ கனா காண சம்பளம் குடுத்தா நாம இந்நேரம் மாடி வூடு கட்டியிருப்போம்" என்றார்.

போய்யா ஏழுமலை.

ஏப்ரல் 17

என்ன வெயில்! மின்விசிறி போட்டால் முடி பறக்கும் என்று போடவும் முடியாது. முதலாளி நாகபூஷணம் சார் மோர் கொண்டுவந்து அவரே எல்லோருக்கும் ஊற்றினார். நல்ல மனுஷன். காவ்யாவைத் திருப்பதி காலேஜில் சேர்க்கப் போனபோது எனக்கு ஆபீஸ் தெலுங்கு வாயில் வராமல் நின்றேன். சார்தான் கூட வந்து பேசினார். என் பெண் இன்று படிக்கிறாள் என்றால் அதில் அவர் பங்கும் இருக்கிறது.

மூலை: உனக்கு நேர் வகிடா, கோணல் வகிடா?

ஜூலை 8

மழை. முடி காயவில்லை.

ஆகஸ்ட் 29

நிதானமாக எழுதுகிறேன்.

ஷெட்டுக்கு இரண்டு வண்டி வந்தது. சுமித்ரா என்று ஒரு மேடம், மத்திய அரசு அதிகாரி. சொந்த ஊர் சத்தியவேடு பக்கமாம், நம் பேச்சுதான். எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னாள். கிழக்கே இரண்டு எல்லைக்கு அப்பால் ஒரு நாடு. அங்கே மலையில் ஆயுதம் தூக்கிய ஒரு கும்பல். இங்கிருந்து போகும் முடி திருட்டுத்தனமாக அந்த மலை வழியாகத்தான் போகிறதாம். வழிவிடுவதற்கு அவர்கள் பங்கு எடுக்கிறார்கள். அந்தப் பங்கில் வெடிமருந்து வாங்குகிறார்கள். மார்ச் மாதம் ஒரு சந்தையில் குண்டு வைத்தார்கள். நாற்பத்தொரு பேர்.

வளைவில் கை நீட்டியவன். நான் அவனைக் கனவில் பார்த்தேனே!

மூன்று நாட்டு போலீஸ் சேர்ந்து மே மாதம் அவர்கள் கிடங்கு ஒன்றைப் பிடித்திருக்கிறார்கள். துப்பாக்கிப் பெட்டிகள், அதன் மேல் முடி மூட்டைகள், முடிக்குள் சீட்டுகள். மேடம் போட்டோ காட்டினாள். என் எழுத்து.

"மூணு நாட்லயும் இது ரகசியக் குறின்னு மண்டையை ஒடைச்சிக்கினு கீறாங்க. மழை உண்டான்னா சரக்கு வந்துச்சான்னு அர்த்தமாம். எத்தனை பிள்ளைன்னா எத்தனை துப்பாக்கின்னு அர்த்தமாம். அச்சு தெலுங்கு, எழுத்து தமிழ். இந்த மாதிரி ஒரு காகிதம் நம்ம நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் வுட்டா வேற எங்கம்மா கெடைக்கும்? யாரு எழுதினது?"

செங்கம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 30

நாகபூஷணம் சார் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏமம்மா, அஞ்சு வருஷமா என் ரிஜிஸ்டர்ல பாக்கற எழுத்து, எனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷமா கிழக்கே ஒண்ணுமே அனுப்பலன்னு நான் மேடத்துக்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். உன் சீட்டுல இந்த வருஷ தேதி கீது. அந்த டைரிய எரிச்சிடு. இல்லன்னா உன்னையும் கும்பல்ல சேத்து உள்ள வெச்சிடுவாங்க. உனக்காகத்தான் சொல்றேன்."

"குண்டு விஷயம் உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றேன்.

"வாங்கறவன் இன்னா பண்றான்னு நான் ஏம்மா கேக்கணும்? தெரியாம இருக்கறதுதான் நல்லது."

வீட்டுக்கு வந்து ஜனவரிப் பக்கத்தைப் புரட்டினேன். தெரியாததுதான் பிடித்திருக்கிறது. நான் எழுதியதுதான். அவர் மேல் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

செப்டம்பர் 3

அடுப்பு முன் டைரியோடு உட்கார்ந்தேன். பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன்.

மறுபடி கனவு. ஒரு சந்தை. எல்லாப் பெண்களும் எனக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். எல்லோர் தலையிலும் நம் ஊர் முடி, நான் கட்டிய முடி, நூல்கூட அவிழ்க்கவில்லை. கூப்பிடுகிறேன். ஒருத்தி திரும்பப் போகிறாள். அதற்குள் விழித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 6

பக்கிரிசாமி அண்ணனை விசாரணைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். மூட்டை கொண்டுவந்தவர், தமிழ் எழுதத் தெரிந்தவர். அவர்தான் எழுதினார் என்று நினைக்கிறார்களாம். அவர் எழுதுவதெல்லாம் யாருக்கு எத்தனை குடம் என்றுதான்!

செங்கம்மா வந்தாள். உள்ளே வரவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் உன் பேரச் சொல்லலடி. நீயா சொல்றியான்னு பாத்துக்கினு கீறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

ஐயோ, நான் இன்னா பொம்பள! ஒரு வாரமா துன்னுக்கினு தூங்கிக்கினு... அந்த மனுஷன் அங்க குந்திக்கினு இன்னா சொல்லுவாரு? அவருக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல? சொன்னா என்னைப் புடிச்சிக்குவாங்க. காவ்யாவ காலேஜ்ல இன்னான்னு பேசுவாங்க? ஷெட்டை மூடிடுவாங்க, இருபத்திரண்டு பேரும் என்னைத்தான் ஏசுவாங்க. சொல்லலன்னா செங்கம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

செப்டம்பர் 7

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அப்புறம், "அந்தச் சீட்டுல என்னப் பத்தி ஏதாவது எழுதினியா?" என்றார்.

"இல்லையே."

"அதான பாத்தேன். ஊரு பேரு தெரியாதவளுக்கு எழுதுவ. எனக்கு ஒரு வரி எழுதியிருப்பியா?"

அழுதுகொண்டே சிரித்தேன். அவர் கம்பெனிக்கு போன் போட்டு லீவு சொன்னார். நான் சுமித்ரா மேடத்துக்குப் போன் போட்டேன்.

"நான்தான் எழுதினேன். டைரி என்கிட்டதான் கீது."

"திங்கட்கிழமை திருப்பதிக்கு எடுத்துக்கினு வாங்கம்மா. ஒரு பக்கமும் கிழிக்காதீங்க" என்றாள். இனிமேலா கிழிப்பேன்!

செப்டம்பர் 9, திருப்பதி

மேடத்தின் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரியை எடுத்துக்கொண்டதற்கான பஞ்சநாமா டைப் ஆகிறது. பிரிண்டர் மக்கர் செய்கிறது. "நீங்க பேப்பர்ல சந்தகம் போடறதுக்கு இன்னும் பத்து நிமிஷம் ஆகும். எழுதறதுன்னா எழுதிக்கோங்க, அப்புறம் சீல் வெச்சிடுவோம்" என்றாள். ஜன்னலில் மலை தெரிகிறது. பாதி மேகத்துக்குள்.

காலையில் சுவரில் பெரிய திரை. அதில் மூன்று கட்டம், மூன்று நாடு. ஒன்றில் நாங்கள். கிடங்கு இருந்த நாட்டின் கட்டத்தில் ஒரு பெண் அதிகாரி, என் வயதுதான் இருக்கும். நேர் வகிடு. அவள் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகக் காட்டினாள். நான் ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். பதினோரு சீட்டு, பதினோரு கிழிசல். ஒன்றுகூட மாறவில்லை. தெலுங்குத் தேதி ஒன்றுவிடாமல் இந்த வருஷம்.

அப்புறம் நான் எழுதியதை வாசித்தார்கள். அவள் தன் மொழியில், நடுக்கட்டத்தில் ஒருவர் இங்கிலீஷில், மேடம் தமிழில். நான் விளையாட்டாகக் கிறுக்கியது மலையெல்லாம் சுற்றிவிட்டு என்னிடமே வந்து நின்றது. நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். ஏன் எழுதினாய் என்று கேட்டார்கள். யார் தலைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை என்றேன். அதைத் தமிழிலிருந்து இங்கிலீஷாக்க மேடத்துக்கு நேரம் பிடித்தது.

பக்கிரிசாமி அண்ணனை மதியமே விட்டுவிட்டார்கள். கீழே செங்கம்மா அவருக்கு இட்லி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், எனக்கும் ஒரு பொட்டலம் மேலே அனுப்பினாள். நான் சாட்சியாம், குற்றவாளி இல்லையாம். நாகபூஷணம் சாரைக் காலையிலேயே கூட்டிவந்திருக்கிறார்கள். நடைவழியில் எதிரே வந்தார். நான் எழுந்து நின்றேன், பழக்கம். அவர் பார்க்காமலே போனார். ஷெட்டுக்குப் பூட்டு. நாளையிலிருந்து இருபத்திரண்டு பேருக்கும் வேலை கிடையாது.

எழுத வந்தது இது இல்லை.

பதிவு முடிந்தது என்றதும் மற்றக் கட்டங்கள் அணைந்தன. அந்தப் பெண் மட்டும் போகவில்லை. திரையிலேயே இருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள், இங்கிலீஷில், மெதுவாக. மேடம் சொன்னாள்.

"மழை உண்டாம். ஆறு மாசம் வுடாம பெய்யுமாம்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மறுபடி ஏதோ சொன்னாள். இந்த முறை மேடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பிள்ளைங்க ரெண்டாம். இப்ப ஒண்ணுதானாம். பெரியவன் மார்ச் மாசம் சந்தைக்குப் போனானாம்."

கையைக் கூப்பினேன். திரை அணைந்தது.

இந்த டைரியை முழுதாக அங்கே மொழிபெயர்ப்பார்களாம். அப்படியென்றால் இந்தப் பக்கமும் அவள் கைக்குப் போகும்.

எனக்கு ஒரு பெண்ணம்மா. காவ்யா. அவளுக்கும் நேர் வகிடுதான். எங்கள் ஊரில் மழை கொஞ்சம். உன் முகம் இவ்வளவு நாள் எனக்கு வரவே இல்லை, இனி வரும்.

பிரிண்டர் ஓட ஆரம்பித்துவிட்டது. இன்றைய மூலையை நான் கிழிக்கவில்லை. தெலுங்குத் தேதிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: உன் பெரிய பிள்ளைக்கு என்ன பேர் வைத்திருந்தாய்?