ஹேண்டில் திருப்பி அடித்தது

ஞாயிறு, இரவு

நாலு சிலிண்டரையும் ஒரே வார்ப்பில் செய்து, சாதாரண ஜனங்களையும் கார் வாங்க வைத்த அந்தப் பழைய என்ஜின்! வீடியோவில் மட்டுமே பார்த்ததை இன்று மங்கலம்பேட்டை சலீம் பாய் ஷெட்டில் நிற்கும் பழைய காரில் தொட்டுவிட்டேன். ஸ்டியரிங் அடியில் இடமும் வலமும் ஒவ்வொரு லீவர்; அதில் தீப்பொறி லீவரை மேலே தள்ளி, பொறி தாமதமாக விழும்படி செய்துவிட்டுத்தான், ஸ்டார்ட் செய்ய முன்னால் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். இல்லையென்றால் அது திருப்பி அடிக்கும், எலும்பே முறியும். வீடியோவில் பார்த்தபடி வலது லீவரைத் தள்ளினேன்.

"சுத்துங்க பாய்!"

ஹேண்டில் எகிறி அவர் விரலை உரசிக்கொண்டு போனது.

"நான்தான் சரியா புடிக்கல பாப்பா. வண்டிக்கு எம்மேல கோவம்," என்று சிரித்தார். "லீவரு அப்படியே இருக்கட்டும். காலைல தொழுதுட்டு வந்ததும் எம் பையன சுத்தச் சொல்றேன்."

விருத்தாசலம் வீட்டுக்கு வந்து அதே வீடியோவை மறுபடி பார்த்தேன். அதில் பின்சுவரில் இருந்த எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருந்தது. அப்படியென்றால் தீப்பொறி லீவர் இடதுபக்கம். அதை நான் தொடவே இல்லை.

பாய் போன் ஸ்விட்ச் ஆஃப். அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் போய்ச் சேரவில்லை. அந்தப் பையனுக்கு என்ன வயசு என்றுகூடக் கேட்கவில்லை. முதல் பஸ்ஸே தொழுகை முடிந்த பிறகுதான். அப்பாவை எழுப்பி பைக்கை எடுக்கச் சொல்ல வேண்டும். எதற்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். எழுப்பப் போகிறேன்.