பயணி ஒருவர்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம். நீ நலமா என்று கேட்டு எழுதுவது வழக்கம். இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உன் கதை செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. நாற்பத்திரண்டு பக்கமும் பத்திரமாக இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் சிறை அலுவலக முத்திரை. அதில் ஒன்று சரியாக உன் விண்கலம் கிளம்புகிற வரியின் மேல் குத்தியிருக்கிறது. அச்சகத்தில் சாப்பாட்டு நேரத்தில் படிக்க உட்கார்ந்தேன். பழக்கதோஷம், சிவப்புப் பேனா கைக்கு வந்துவிட்டது. பிழை திருத்துகிறவளுக்குக் கதை அனுப்பினால் இதுதான் கதி. ஒற்றுப்பிழை மட்டும் முப்பத்தொன்று.

அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "என்னடி, இப்படிக் கிழவியாயிட்டே?" என்றாள். நர்ஸுகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குத்தான் அவர்களுடைய சீருடையைப் பார்த்துக்கொண்டு சிரிக்க முடியவில்லை. அண்ணன் கதை எழுதுகிறான் என்று சொன்னேன். "ஒழுங்கா சாப்பிடுறானாமா?" என்று கேட்டாள்.

நீ கேட்ட பழைய விஞ்ஞானக் கதைகளில் மூன்று கிடைத்தன. கெட்டி அட்டைக்கு உள்ளே அனுமதி இல்லையாம். வாசலிலேயே அட்டையைக் கிழித்துவிட்டுக் கொடுத்தேன். பார்க்க உரித்த கோழி மாதிரி இருக்கும், கண்டுகொள்ளாதே. ஒன்று செவ்வாயில் குடியேறுகிறவர்களைப் பற்றியது. இன்னொன்று கடலுக்கடியில் ஒரு நகரம். மூன்றாவதில் ஒருவன் காலத்தில் பின்னோக்கிப் போய் ஒரு சாவைத் தடுக்கப் பார்க்கிறான். அதை உனக்குக் கொடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கே அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை, கொடுத்துவிட்டேன்.

சின்ன வயதில் ஒரே புத்தகத்தை இருவரும் குனிந்து படிக்கும்போது நீ சொல்வாயே, "நல்ல விஞ்ஞானக் கதையில ஒரே ஒரு பொய்தான் இருக்கும். அதையும் முதல் பக்கத்துலயே சொல்லிடுவாங்க. அப்புறம் எல்லாம் நெஜம்" என்று. அதை மனதில் வைத்துத்தான் படித்தேன். ஒளியை முந்துகிற கலம், சரி, அதுதான் அந்த ஒரு பொய். நம்பிவிட்டேன். கலத்து மெக்கானிக்கின் நகக்கண்ணில் போகாத கிரீஸ், காதை வைத்தே மோட்டாரின் நோயைக் கண்டுபிடிப்பது எல்லாம் அப்படியே நீதான். எனக்கு அந்த வாடையே அடித்தது.

பதினேழாம் பக்கத்தில் இரண்டாவது பொய் வருகிறது. "பிரேக் சோதிக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறாய். யார் குறித்தது? அந்தப் பக்கத்தில் ஒரு வினைச்சொல்லுக்கும் ஆள் இல்லை. கதவு மூடப்பட்டது. கலம் இயக்கப்பட்டது. "பயணி ஒருவர் உயிரிழந்தார்." தீர்ப்பெழுதிய நீதிபதிகூட இதைவிட நேராக எழுதியிருந்தார், அண்ணா.

உன்னை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்த ஆஸ்பத்திரி லிஃப்டின் பிரேக்கைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு நீ அன்று ஓடிவந்தது என்னால். வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டு மூன்று முறை போன் செய்தேன். மழை இல்லை, ஆபத்து இல்லை, எனக்குப் பொறுமைதான் இல்லை. நீ வந்து பூட்டைத் திறந்துவிட்டு, "இதுக்குத்தானா இந்த ஆர்ப்பாட்டம்?" என்று சிரித்தாய். மறுநாள் காலையில் ஏழாவது மாடியிலிருந்து அந்த லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் இறங்கியது. உள்ளே வேலை முடித்து வீட்டுக்குக் கிளம்பிய ஒரு நர்ஸ். வழக்கு நடந்த ஒன்றரை வருடமும் நீ அந்த போனைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரியும் தெரிந்துகொள்ளட்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன வியாழக்கிழமை ஒரு நினைவு அட்டை பிழை பார்க்க என் மேஜைக்கு வந்தது. படத்தைப் பார்த்ததும் அந்த நர்ஸ் என்று தெரிந்துவிட்டது. அவளுடைய வீட்டுக்காரர் முன்னறையில் காத்திருந்தார். கோர்ட்டில் பார்த்ததைவிட இளைத்துப் போயிருந்தார். "ஒரு எழுத்துகூடத் தப்பா வந்துடக் கூடாதும்மா, அவளுக்குப் பிடிக்காது" என்றார். அந்த எட்டு வரியை ஒன்பது முறை படித்தேன். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அடக்க முடியாமல் நான் யார் என்று சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளைப் பார்த்தபடியே, "உங்க அண்ணன் அங்க என்ன பண்றாரு?" என்று கேட்டார். கதை எழுதுகிறார் என்று சொன்னேன். அவர் கேட்டார்: "அதுல அவ இருக்காளா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறார், இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். அவரே சொல்ல ஆரம்பித்தார். நடக்கும்போது ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே நடப்பாளாம். ஊசி போட்டுக்கொள்ளப் பயப்படுகிறவர்களிடம், தான் அவர்களைவிடப் பயந்தவள் என்று சத்தியம் செய்வாளாம். செருப்பு வாங்கினால் அரை அளவு பெரிதாக வாங்குவாளாம், கால் வீங்குமே என்று. கிளம்பும்போது, "எழுதினா இதையும் எழுதச் சொல்லுங்க. முடிஞ்சதும் எனக்கு ஒண்ணு கொடுங்க" என்றார். மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே. அப்படி எதுவும் அவர் முகத்தில் இல்லை.

இனி உன் கதையின் முடிவு. மெக்கானிக் எல்லோருக்கும் ஒரு வரி எழுதி வைத்துவிட்டு, விண்வெளிக் கவசம் இல்லாமல் கலத்தின் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறான். கையெழுத்து அந்தப் பக்கத்தில்தான் மிக அழகாக இருக்கிறது. ஒரு அடித்தல் இல்லை, ஒரு பிழை இல்லை. இத்தனை வருடம் பிழை பார்த்தவள் நான், அதைப் பார்த்துத்தான் பயந்தேன். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. அவன் போய்விட்டால் பதினேழாம் பக்கத்தைத் திருத்தி எழுத வேறு யார் இருக்கிறார்கள்? அவள் முணுமுணுத்தாள் என்று யார் எழுதுவது? உன்னைச் சிறை மருத்துவரிடம் காட்டச் சொல்லி நேற்று மனுக் கொடுத்திருக்கிறேன். கோபம் வந்தால் வரட்டும், கோபத்தோடு இரு.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உன்னைப் பார்க்க வருகிறேன். அம்மாவும் வருகிறாள். புதுக் கண்ணால் முதலில் உன்னைத்தான் சரியாகப் பார்க்க வேண்டுமாம். கதையைத் திருத்தியிருக்க வேண்டும் என்றில்லை. பேச வேண்டும் என்றும் இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நீ வந்து உட்கார்ந்தால் போதும். வந்துவிடு, அண்ணா.

உன் தங்கை