நான்காம் பக்கத்தில் ஒரு பெயர்

ஹாலர்ட், ஜார்ஜியா
செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதங்களில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்குச் சாதகமாகக்கூட எதையும் மாற்ற மாட்டேன் என்று உறுதி சொல்லித் தொடங்குகிறேன். எனக்குப் பதினைந்து வயது ஆகிவிட்டது. இனி அப்படித்தான்.

பதிலைப் பள்ளி நூலக விலாசத்துக்கே போடு. நூலகர் திருமதி ஓகல்ட்ரீ வாங்கி வைப்பார். என் கைப்பேசியில் உன் எண்ணை அப்பா தடுத்துவிட்டார்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை சோள ரொட்டி சுட்டால் இன்னும் நாலு துண்டாகத்தான் வெட்டுகிறாள். நாலாவதை அப்பா நாய்க்குப் போடுகிறார். நாய் குண்டாகிவிட்டது.

போன ஆண்டு ஆகஸ்டில் நீ வீட்டைவிட்டுப் போன சண்டையை அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். "ரே சித்தப்பாவோட மருந்துக்கடைய எரிச்ச கூட்டத்துல நீயும் நின்னியேடா!" என்றார் அப்பா.

"நான் எதையும் உடைக்கல, நின்னேன். போலீஸ் ஒரு ஆளச் சுட்டுக் கொன்னுருக்கு, நிக்காம என்ன பண்றது? ஜனவரியில நீங்க வாஷிங்டனுக்கு பஸ் ஏறிப் போனீங்களே, அங்க நாடாளுமன்ற ஜன்னல உடைச்சது யாரு?" என்றாய் நீ.

"நான் எதையும் உடைக்கலடா. வெளிய நின்னு ஜெபம் பண்ணேன்."

இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னீர்கள். மேசையில் என்னைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இப்போது அப்பாவுக்குக் கட்சிக்காரர்கள் ஒரு வேலை தந்திருக்கிறார்கள். தபால் நிலையத்தில் விலாச மாற்றம் கொடுத்தவர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, 'இவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்' என்று மாவட்டத் தேர்தல் குழுவுக்கு ஆட்சேபணை எழுத வேண்டும். "ஊர்லயே இல்லாதவன் ஓட்டு இங்க எதுக்கு விழணும்? அவ்வளவுதான் நான் கேக்கறது" என்கிறார். அவர் கையெழுத்து டிராக்டர் எண்ணெயில் வழுக்கி விழுந்தது போல் இருக்கும் என்பதால், படிவங்களை நிரப்புவது நான். மொத்தம் அறுபத்திரண்டு பேர்.

உன் அன்புத் தங்கை,
மேரிபெத்

---

அட்லாண்டா
செப்டம்பர் 27

அன்புள்ள பெத் குட்டி,

ரொட்டித் தொழிற்சாலையில் வேலை நன்றாகப் போகிறது. காதுக்குள்கூட மாவு. உன் கடிதத்தில் என் விரல் அடையாளங்கள் வெள்ளையாகப் படிந்துவிட்டன.

அப்பாவின் பட்டியலைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று உனக்கே தெரியும். வேலைக்காகவும் படிப்புக்காகவும் தபாலைத் திருப்பிவிட்டவர்கள் எல்லாரும் ஊரைத் துறந்தவர்களா? என்னையே எடுத்துக்கொள். என் பெயருக்கு வரும் தபாலை அப்பா குப்பையில் போடுகிறார் என்று அம்மா சொன்னதால்தான் அதை இங்கே அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். வேறு எதையும் மாற்றவில்லை. ஓட்டுநர் உரிமத்தில் இன்னும் நம் வீட்டு விலாசம்தான்.

யாரிடமும் சொல்லாதே. வசந்த காலத்தில் திரும்பி வந்து டிராக்டர் பட்டறையில் அப்பாவோடு நிற்கலாமா என்று சில நாள் தோன்றுகிறது. அவர் 'வா' என்று சொல்ல வேண்டாம். தலையை ஆட்டினால் போதும்.

எப்படியும் நவம்பர் எட்டாம் தேதி ஓட்டுப் போட வருவேன். பதினெட்டு வயதில் என் முதல் ஓட்டை நம் தீயணைப்பு நிலையத்தில்தான் போட்டேன். அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். வெளியே சர்ச் பெண்கள் சுட்டு விற்ற பீக்கான் பருப்புப் பலகாரத்தில் முழுதாக ஒன்று வாங்கித் தந்து, "யாருக்குப் போட்டேன்னு என்கிட்டகூடச் சொல்லாத. அது உன்னோடது" என்றார். அந்த மனிதரைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
வெண்டல்

---

ஹாலர்ட்
அக்டோபர் 5

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'தலையை ஆட்டினால் போதும்' என்ற இடத்தில் மூன்று முறையும் அழுதேன்.

தேர்தல் குழுவிலிருந்து உனக்கு ஒரு தாள் வரும். கோபப்படாதே. பட்டியலின் நான்காம் பக்கத்தில் உன் பெயரும் இருக்கிறது. படிவங்களை அப்பா திங்கட்கிழமை கொடுத்துவிட்டார். அக்டோபர் இருபதாம் தேதி மாலை நாலு மணிக்கு விசாரணை. நீ நேரில் வந்து, 'இதுதான் என் வீடு' என்று சொன்னால் போதும். அப்பாவும் அங்கே இருப்பார், நானும் இருப்பேன்.

நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா. அதில்தான் நீ அப்பாவைப் போலவே இருப்பாய்.

உன்,
மேரிபெத்

---

அட்லாண்டா
அக்டோபர் 11

பெத்,

தாள் வந்தது. மேலே என் பெயர், உன் அழகான கையெழுத்தில். கீழே அப்பாவின் ஒப்பம்.

ஒன்றே ஒன்று சொல். என் பெயர் அங்கே இருப்பது தெரிந்துதான் ஒப்பமிட்டாரா? தெரியாமல் என்றால் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். எப்படியானாலும் வருகிறேன். ஆனால் அதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டும்.

வெண்டல்

---

ஹாலர்ட்
அக்டோபர் 21

அன்புள்ள அண்ணா,

உன் கேள்வி பதின்மூன்றாம் தேதியே கிடைத்தது. பதில் எழுதாமல் ஒரு வாரம் வைத்திருந்தேன். அதை இப்போது எழுதுகிறேன். அதற்கு முன் நேற்று நடந்ததை, நான் பார்த்தபடி.

நீ வருவதற்குள் பத்தொன்பது பேரை விசாரித்து முடித்திருந்தார்கள். கடைசியாக வந்தவர் செவிலி திருமதி பிளெட்சோ. மகளுக்குப் பிரசவம் பார்க்க ஆறு மாதம் மேக்கன் நகரில் இருந்தாராம். வீட்டை வாடகைக்கு விட்டிருந்ததால் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். "முப்பது வருஷமா இந்த ஊர்ல ஊசி போட்டவ நான். டேல், உனக்கும் போட்டிருக்கேன்" என்றார் அப்பாவிடம். "மேடம், தனிப்பட்ட விரோதம் ஒண்ணும் இல்ல. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் அப்பா. அப்போதுதான் குழுத் தலைவி அடுத்த பெயரைப் படித்தார்: "வெண்டல் பர்விஸ்."

அப்பாவின் முகத்தை நீ பார்த்தாயா? நீ கதவருகே நின்றிருந்தாய். நான் அவர் பக்கத்தில் இருந்தேன். அவர் கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. அதை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பர்விஸ், இவர் உங்க மகன்தானே? உங்க ஆட்சேபணைய வாபஸ் வாங்கறீங்களா?" என்று தலைவி கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். வாங்கியிருப்பார் அண்ணா, எனக்குத் தெரியும்.

அதற்குள் பின்வரிசையிலிருந்து திருமதி பிளெட்சோ, "ஓ, அவரு பையன்னா மட்டும் வேற சட்டமோ?" என்றார். யாரோ சிரித்தார்கள்.

அப்பா தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். "இல்ல. அவன் இங்க இல்ல. பதினாலு மாசமா இல்ல" என்றார்.

நீ கத்துவாய் என்று நினைத்தேன். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டுவாய் என்று நினைத்தேன். நீ பணிவாக, "அவரு சொல்றது சரிதான் மேடம். என் பேர அடிச்சிருங்க" என்றாய். நீலச் சட்டை போட்டிருந்தாய்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். அப்பாவுக்குத் தெரியாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் படிக்காமல் ஒப்பமிட்டார், எழுதியது நான் என்பதால். 'படிக்காமக் கையெழுத்துப் போடாதீங்க' என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

தெரிந்தது எனக்கு. செப்டம்பரில் முதல் கடிதம் எழுதும்போதே உன் பெயரைப் பார்த்துவிட்டேன். ஒரு கோடு கிழித்திருந்தால் முடிந்திருக்கும். நீ ஏன் தபாலைத் திருப்பினாய் என்று நீயே எழுதிய பிறகும் நாலு நாள் இருந்தது. கோடு கிழிக்காமல் இருப்பதிலிருந்த அழகை மட்டும்தான் யோசித்தேன்: நீ வந்தே ஆக வேண்டும், இரண்டு பேரும் ஒரே அறையில் நின்றே ஆக வேண்டும், எல்லார் முன்னாலும் அப்பா 'அவன் என் மகன், அவன் வீடு இதுதான்' என்று சொல்லியே ஆக வேண்டும். நான் படிக்கும் புத்தகங்களில் அப்படித்தான் நடக்கும். அதனால் உன் பெயரை மற்ற அறுபத்தொன்றைவிட அழகாக எழுதினேன். திருமதி பிளெட்சோவின் பெயரையும் நான்தான் எழுதினேன். அவரைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

வரும் வழியில் அப்பா வண்டியைப் பருத்திக் காட்டோரம் நிறுத்தினார். "நீ பாத்தியாம்மா, அவன் பேர?"

"பாத்தேன்ப்பா."

திட்டவில்லை. "நான் படிச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அவரை வெறுக்காதே. எழுதியது நான்.

மேரிபெத்

---

ஹாலர்ட்
டிசம்பர் 2

அன்புள்ள அண்ணா,

இது அக்டோபருக்குப் பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம். எதுவும் திரும்பி வரவில்லை, அதனால் உனக்குக் கிடைத்திருக்கும்.

ஓட்டு நாளில் அப்பா கட்சிப் பார்வையாளராகத் தீயணைப்பு நிலையத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பள்ளி விட்டதும் நானும் போனேன். சாலையில் கார் வரும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் பக்கத்தில் ஒரு பீக்கான் பலகாரம், முழுதாக, காகிதம் பிரிக்காமல் இருந்தது. ஏழு மணிக்கு வாசலை அடைத்ததும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்பெட்டியில் வைத்தார். நாய்க்குப் போடவில்லை. யாரையும் தொடவும் விடவில்லை. நவம்பர் கடைசியில், நன்றி நவிலும் பண்டிகையன்று, அம்மா அதை எடுத்துக் கொட்டினாள்.

என் கைப்பேசியில் உன் எண்ணை அவர் விடுவித்துவிட்டார். கேட்காமலேயே. அழைத்துப் பார்த்தேன். அந்த எண் இப்போது பயன்பாட்டில் இல்லையாம்.

பள்ளி முடிந்ததும் தினமும் இங்கே நூலகத்துக்கு வருகிறேன். திருமதி ஓகல்ட்ரீ என்னைப் பார்த்ததும் தலையை அசைக்கிறார், இல்லை என்று. இன்று என் தோளைத் தொட்டு, "அஞ்சு மணியாச்சு கண்ணு, பூட்டணும்" என்றார். இந்த வரியை முடித்துவிடுகிறேன் என்றேன். அவர் விளக்குகளை ஒவ்வொரு வரிசையாக அணைத்துக்கொண்டு வருகிறார். வரலாறு, புவியியல், கதைகள். இப்போது என் மேசை விளக்கையும் அணைத்துவிட்டார்.